ஒன்றுக்கும் உதவாத ஞாயிறுகள்

நேற்று ஈப்போ பழைய கடைவீதியில் பென்சில் வாங்கப் போனேன். கல்லாவில் இருந்த சீனப் பெண் பென்சில்களைக் காகிதப் பையில் போட்டாள். மேலே ஒரு வெள்ளை ரப்பரையும் வைத்து, "இது ஃப்ரீ லா, அக்கா" என்று நீட்டினாள். பையைத் திறந்ததும் அந்த வாசனை ஏறியது. புது ரப்பருக்கே உரிய, இனிப்பும் பிசினும் கலந்த வாசனை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் எதையும் அழிப்பதில்லை என்று மலாயில் சொல்லி ரப்பரை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். இலவசமாகக் கிடைப்பதை வேண்டாம் என்கிற ஆளை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை போலிருக்கிறது.

நாம் முதன்முதலாகப் பென்சில் வாங்கிய அன்று நானும் ஒரு ரப்பரைத்தான் சேர்த்து எடுத்தேன். நீ அதை என் கையிலிருந்து பிடுங்கி அலமாரியிலேயே வைத்தாய். "நம்ம பாட்டன் பூட்டன் எல்லாம் ரப்பருக்கு உழைச்சது போதும் லா. இனி நாம போடற கோடுங்களையாவது அது தொடாம இருக்கட்டும்" என்றாய். அதனால் என் படங்களில் இன்றைக்கும் எல்லாப் பிழையும் போட்டபடியே நிற்கிறது. பூனைக்குக் கழுத்து நீளம். பள்ளிவாசல் கோபுரம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. இருக்கட்டும்.

தோழி, நீ போய்ச் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. கடைசிக் காலத்தில் நீ படம் போட்டுக்கொண்டு நேரத்தை வீணாக்கிவிட்டாய் என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நல்ல மனிதர்கள்தான். உன் எழுத்தை விரும்பியவர்கள்தான். அவர்களுக்குச் சொல்ல வேண்டியதை ஒரு முறை சொல்லிவிட்டேன். நீ கேட்டிருக்க வேண்டியது அது. அதனால் உனக்கும் சொல்கிறேன்.

உன் வேலை எனக்கு எப்போதும் பயமாக இருக்கும். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். குற்றம் சாட்டப்பட்டவன் தமிழில் அழுவான், நீ மலாயில் சொல்ல வேண்டும். நீதிபதி மலாயில் தீர்ப்புச் சொல்வார், நீ அதைத் தமிழில் அவன் தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வீடு திரும்பி எழுத உட்காருவாய். இரண்டு சிறுகதைத் தொகுப்புகள், ஒரு நாவல். நான் கிளினிக்கில் பெயர் பதிந்து, நோயாளிகளை வரிசையாக உள்ளே அனுப்பிவிட்டு வந்து எழுதுகிறவள். வாசகர் வட்டக் கூட்டத்தில் அறிமுகமாகி, ஒருவர் கதையை ஒருவர் கிழித்துக் கிழித்துத்தான் நாம் நெருங்கினோம்.

அது தொடங்கிய காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் நாவல் நடுவில் சிக்கிக்கொண்டிருந்தது. உன் இரண்டாவது நாவலும் அப்படித்தான். தோட்டம் துண்டாடப்பட்டு ஆட்கள் பட்டணத்துக்குச் சிதறிய கதை. நாம் கோப்பிக் கடையில் உட்கார்ந்து, ஒருவர் புலம்ப ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தோம். திடீரென்று நீ மேசையில் விரித்திருந்த காகிதத்தைத் திருப்பிப் போட்டு, கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, உன் கோப்பிக் கோப்பையை வரைய ஆரம்பித்தாய். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கோப்பி ஆறிப்போய்விட்டது. முடித்துவிட்டு என் பக்கம் தள்ளினாய்.

"இது என்னா, வாளியா?" என்று கேட்டேன்.

"கோப்பை லா."

"கைப்பிடி எங்க?"

"அந்தப் பக்கம் இருக்கு. நீ எழும்பிப் போய்ப் பாரு."

கடைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். பிறகு நானும் ஒன்று போட்டேன். என்னுடையது வாளிகூட இல்லை, தொப்பி. ஆனால் அதைப் போட்ட நேரம் முழுக்க, என் மண்டைக்குள் ஓயாமல் வாக்கியம் கட்டிக்கொண்டே இருக்கும் ஒருத்தி வாயை மூடிக்கொண்டிருந்தாள். கோப்பையின் விளிம்பு எங்கே வளைகிறது என்பதைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் இல்லை. நான் இதைச் சொன்னபோது நீ தலையாட்டினாய்.

"நாள் பூரா அடுத்தவங்க வார்த்தை. வீட்டுக்கு வந்தா என் வார்த்தை. ஞாயித்துக்கிழமையாச்சும் வார்த்தையே வேணாம், வசந்தி."

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகள் நம்முடையவை ஆயின. உன் பழைய காரில், பின் இருக்கையில் இரண்டு மடக்கு நாற்காலி, ஒரு சுடுநீர்க் குடுவை. லூமுட் படகுத்துறையில் நீ ஒரு மீன்பிடிப் படகைப் போட்டுக்கொண்டிருந்தாய். அதன் சொந்தக்காரர், ஒரு வயதான மலாய்க்காரர், உன் தோளுக்குப் பின்னால் வந்து நின்று நெடுநேரம் பார்த்தார். பிறகு மிகவும் வருத்தமாக, இந்தப் படகு மூழ்கிவிடும் என்றார். நீ கொஞ்சமும் சளைக்கவில்லை. "மூழ்கட்டும் பாக்சிக், என் படகுதானே" என்று அந்த மாமாவிடம் சொன்னாய். அவர் சிரித்துவிட்டு நமக்கு இரண்டு கருவாட்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். கார் ஒரு வாரம் நாறியது.

கோலா கங்சாரில் ஆற்றங்கரையில் உட்கார்ந்தபோது மட்டும் நீ திணறினாய். ஒரு தாள் முழுக்கக் கோடு கோடாகப் போட்டு, கிழிக்கவும் மனமில்லாமல் வைத்துக்கொண்டு பார்த்தாய். "தண்ணிய எழுதறது சுலபம். ஆறு ஓடுச்சுன்னா முடிஞ்சிச்சு. வரையப் போனாத்தான் அது நிக்கவே மாட்டேங்குதுன்னு தெரியுது" என்றாய். நான் உடனே, "இத நாவல்ல போடலாம்" என்றேன். நீ பென்சிலைக் கீழே வைத்துவிட்டாய். கோபம் வந்துவிட்டது உனக்கு.

"போடக் கூடாது. இது எதுக்கும் இல்ல. படம் போட்டா எழுத்து நல்லா வருதுன்னு நீ யார்கிட்டயும் போய்ச் சொல்லிடாத. அப்புறம் இதையும் ஒரு வேலையாக்கிடுவாங்க."

அப்போது நீ ஏன் அவ்வளவு கடுமையாகச் சொன்னாய் என்று எனக்குப் புரியவில்லை. நான் பிறந்த தோட்டத்துக்குப் போன ஞாயிறுதான் புரிந்தது.

செமோருக்கு அப்பால் இருக்கிற அந்தத் தோட்டத்தில் ரப்பர் பால்மரம் எல்லாம் எப்போதோ போய் எண்ணெய்ச் செம்பனை வந்துவிட்டது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயம் ஒன்றை மட்டும் இடிக்காமல் விட்டிருந்தார்கள், உரமூட்டை அடுக்குவதற்கு. நாம் நாற்காலியை விரித்து உட்கார்ந்ததுமே காவலாளி மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டான். நல்ல தமிழ்ப் பிள்ளை, இருபது வயது இருக்கும். நுழைவாயில் பலகையைக் கைகாட்டினான்.

"அக்கா, இங்க படம் எடுக்கக் கூடாதுக்கா. கம்பெனி ஆர்டர்."

நீ மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாய். அப்போதே தெரிந்தது, இவன் பாவம் என்று.

"எடுக்கலையே தம்பி. வரையறோம். எடுத்தாத்தான உங்க கம்பெனிக்கு எதாச்சும் குறையும்? நாங்க எதையும் எடுக்கல. இது எங்க பென்சில், எங்க பேப்பர். வேணும்னா எல்லாத்தையும் எண்ணிப் பாரு, லயம் அப்படியே இருக்கா இல்லையான்னு."

அவன் லயத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்தான். "எதுக்குக்கா வரையறீங்க? கேஸா?"

"ஒண்ணுக்கும் இல்ல தம்பி. சும்மா."

"சும்மாவா" என்று இழுத்தான். சும்மா இரண்டு பெண்பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்து உரக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதை அவனால் ஏற்க முடியவில்லை. ஆனால் தடுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. சீக்கிரம் முடியுங்கக்கா என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று எனக்குக் கை ஓடவில்லை. அந்த வாசலிலிருந்துதான் என் அம்மா விடியுமுன் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்குப் போவார். பெயர் கூப்பிட்டு மர நிரை பிரித்துக் கொடுக்கும் வரை வரிசையில் நிற்க வேண்டும். வீடு திரும்பினால் அடுப்பு, துணி, ஆட்டுக்குத் தழை. அம்மாவின் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. அவர் வாழ்நாளில் இழுத்த கோடெல்லாம் பால் வெட்ட மரப்பட்டையில் இழுத்தவை. அதையும் ஆழம் சரிதானா என்று மேற்பார்வைக்கார மண்டோர் வந்து பார்த்துவிட்டுப் போவான்.

நான் இதை உன்னிடம் சொன்னேன். நீ ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. உன் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாய்:

"அதனாலதான் சொல்றேன். நம்ம ஆளுங்க ஒரு மணி நேரம் சும்மா இருந்தா, எவனாச்சும் வந்து எதுக்குன்னு கேப்பான். வெள்ளக்காரன் கேட்டான். மண்டோர் கேட்டான். இப்ப நம்மளே கேட்டுக்கறோம். நீ பாட்டுக்குப் போடு."

போட்டேன். கூரை கோணலாக வந்தது. ஆனால் அந்த லயத்தைப் பற்றி எத்தனையோ கதை எழுதிய நான், அதன் முன்சுவரில் காலை வெயில் எவ்வளவு மஞ்சளாக விழும் என்பதை அன்றுதான் பார்த்தேன். இதை நான் இன்றுவரை எந்தக் கதையிலும் எழுதவில்லை. உன் உத்தரவு.

வாசகர் வட்டத் தலைவருக்கு நம் ஞாயிறுகள் பிடிக்கவில்லை. கூட்டங்கள் ஞாயிறு காலையில்தான் நடக்கும், நாம் போவதில்லை. அவர் கெட்டவர் இல்லை. உன் முதல் நாவலைக் கையில் தூக்கிக்கொண்டு பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் அலைந்தவர். "தோட்டம் போச்சு. பாத்தவங்க ஒவ்வொருத்தரா போயிட்டு இருக்காங்க. நீங்க எழுதலன்னா யாரு எழுதுவா?" என்று உன்னிடம் கேட்பார். நியாயமான கேள்விதான். அதனால்தான் அது அவ்வளவு கனத்தது.

பிறகு உனக்கு நோய் வந்தது. வயிற்றில் வந்த கட்டி, தெரிந்தபோதே பரவியிருந்தது. உன் தம்பி அந்தோணி தன் டயர் கடையைப் பாதி நேரம் மூடிவிட்டு உன்னைப் பார்த்துக்கொண்டார். தலைவர் வீட்டுக்கு வந்தார், பழக்கூடையோடு. நானும் அப்போது இருந்தேன். நீ மடியில் பலகை வைத்து ஒரு பப்பாளியை வரைந்துகொண்டிருந்தாய்.

"நீங்க சிரமப்பட வேணாம்" என்றார் அவர். "நீங்க சொல்லச் சொல்ல எழுதறதுக்கு ஒரு பொண்ண அனுப்பறேன். நாவல முடிச்சிடலாம்."

"நான் நிறுத்திட்டேங்க" என்றாய் நீ.

"உடம்பு தேறினதும் பாக்கலாம்னு சொல்றீங்களா?"

"இல்லைங்க. உடம்புக்கு முன்னாலயே நிறுத்திட்டேன். எழுத வேண்டிய வரைக்கும் எழுதிட்டேன். இப்ப பப்பாளி."

அவர் பப்பாளியைப் பார்த்தார், உன் படத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, தாங்க முடியாத வருத்தம். ஒரு நாவலைக் கொடுத்துவிட்டு நீ வாங்கிக்கொண்டது அந்தப் பப்பாளி என்றுதான் அவருக்குப் பட்டிருக்கும். அவர் போன பிறகு நான் உன்னைக் கேட்டேன், உனக்குக் கொஞ்சமும் ஆசை இல்லையா என்று.

"இருக்கு. ஆனா ஆசைப்படறதையெல்லாம் முடிக்கணும்னு என்னா சட்டம்?" என்றாய். பப்பாளிக்கு இன்னொரு கோடு போட்டுவிட்டு, "எழுதற மேசைல நான் எழும்பிப் போன நாற்காலில யாரையும் உக்கார வைக்காத. நாவல் நிக்கிற எடத்துல நிக்கட்டும்" என்றாய்.

கடைசி ஞாயிறு மருத்துவமனையில். வலது கையில் ஊசி ஏற்றியிருந்தார்கள், புறங்கை வீங்கியிருந்தது. நீ பென்சிலை இடது கையில் பிடித்து என்னை வரைந்தாய். ஆடாமல் உட்காரச் சொன்னாய். நான் எவ்வளவு அடக்கியும் கண்ணீர் வந்துகொண்டே இருந்தது. "அழு, பரவால்ல. ஆனா தலைய ஆட்டாத" என்றாய். முடித்துக் காட்டினாய். மூக்கு மட்டும்தான் நான். மற்றதெல்லாம் யாரோ. அதைப் பார்த்துவிட்டு இருவரும் சிரித்த சிரிப்பில் தாதி ஓடி வந்தார். உன்னைச் சிரிக்க வைத்தவர்கள் மேல் எனக்குப் பொறாமை உண்டு. அன்று உன்னைச் சிரிக்க வைத்தது உன் இடது கைதான்.

நினைவுக் கூட்டத்தைத் தலைவர்தான் ஏற்பாடு செய்தார். கடைகளுக்கு மேலே இருக்கும் அந்த மண்டபம். ஞாயிற்றுக்கிழமை காலை, வேறு என்றைக்கு. நாற்காலி எல்லாம் நிறைந்திருந்தது. உன் நீதிமன்றத்திலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். தலைவர் உன்னைப் பற்றி அழகாகத்தான் பேசினார், முடிவு வரை. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனால் தம் இறுதி ஆண்டுகளை அவர் சித்திரம் கீறுவதில் செலவழித்துவிட்டார். நம் மக்களின் வரலாறு பாதியில் நின்றுவிட்டது" என்றார். தொடர்ந்து என் பெயரைச் சொன்னார். அந்த நாவலை உன் நெருங்கிய தோழி வசந்தி முடித்துக் கொடுப்பார் என்று அறிவித்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு பெண்மணி என் கையைப் பிடித்து அழுத்தினார்.

நான் எழுந்தேன். மேடையில் பேசிப் பழக்கம் இல்லாதவள் நான், உனக்குத் தெரியும்.

"நான் முடிக்க மாட்டேன் ஐயா" என்றேன்.

கைதட்டல் நிற்க நேரம் எடுத்தது. அவர் ஒலிபெருக்கியைக் கையில் வைத்துக்கொண்டே, "துக்கத்துல இருக்கீங்க. பொறுமையா யோசிங்க" என்றார்.

"யோசிச்சிட்டுத்தான் சொல்றேன். அவங்க எழுத முடியாம நிறுத்தல. போதும்னு நிறுத்தினாங்க. பகல் பூரா கோர்ட்டுல ஊர்ச் சனத்தோட கண்ணீர மொழிபெயர்த்தாங்க. சாயங்காலம் நம்ம கண்ணீர எழுதினாங்க. எழுதுங்க எழுதுங்கன்னுதான் நாம எல்லாரும் சொன்னோம். ஒரு நாளாச்சும், போதும், கொஞ்சம் உக்காருங்கன்னு யாராச்சும் சொன்னோமா?"

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"அவங்க நேரத்த வீணாக்கல. அது அவங்க நேரம். தோட்டத்துல யாருக்கும் சொந்தமா ஒரு காலைப்பொழுது இருந்ததில்ல. அவங்க எடுத்துக்கிட்டாங்க. நானும் கூட இருந்து எடுத்துக்கிட்டேன். அதுக்காக யார்கிட்டயும் நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன்."

"அப்ப நம்ம வரலாறு?" என்று கேட்டார் தலைவர். அவர் குரல் உடைந்திருந்தது.

"நம்ம வரலாறுல, ஒருத்தி ஞாயித்துக்கிழமை ஆத்தங்கரைல உக்காந்து சும்மா படம் போட்டான்னு ஒரு வரி இருக்கக் கூடாதா ஐயா?"

பின்வரிசையில் இருந்து ஒரு பெண் குரல், உரக்க இல்லை, "சரிதான்" என்றது. அது யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தோணி முன்வரிசையிலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். அவர் கூட்டத்தில் பேசுகிற ஆள் இல்லை. "எங்கக்கா சொன்னது அதான்" என்றார், அவ்வளவுதான். சிலர் எழுந்து போய்விட்டார்கள். மதியச் சாப்பாட்டில் என் மேசைக்கு இரண்டு பேர்தான் வந்தார்கள்.

நாவலை அந்தோணியும் நானும் அச்சிட்டோம், நீ விட்ட இடத்திலேயே. கதவு தட்டும் சத்தம் கேட்டு அந்தப் பெண் அடுப்படியிலிருந்து எழுகிறாள், அத்தோடு தாள் வெறுமையாகிறது. யார் தட்டியது என்று வாசகர்கள் எனக்குத் தொலைபேசியில் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது என்கிறேன். ஓர் அம்மா மட்டும், தான் யாரென்று நினைக்கிறேன் என்பதை நீண்ட நேரம் சொன்னார். கேட்க நன்றாக இருந்தது. வெளியீட்டுக்குத் தலைவர் வந்திருந்தார். பின்னால் நின்று, ஒரு பிரதி வாங்கிக்கொண்டு, என் பக்கம் பார்க்காமல் போய்விட்டார். இன்னும் என்னோடு பேசுவதில்லை. அவர் வருத்தத்துக்கு நான் மரியாதை தருகிறேன். நான் சொன்னதில் ஒரு சொல்லையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தோணி தூங்கும்போது நீ வரைந்த அவர் பாதத்தை அவர் சட்டம் போட்டு டயர் கடையில் மாட்டியிருக்கிறார். ஆறு விரல். வருகிறவர்கள், "என்னா மச்சான், உன் பேத்தி போட்டதா?" என்று கேட்டால், "எங்கக்கா போட்டது" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருமா என்று நிமிர்ந்து பார்ப்பார். வருவதில்லை.

சென்ற மாதம் வாசகர் வட்டத்தின் புதுச் செயலாளர் கூப்பிட்டார். இளைஞர், மரியாதையான பையன். எழுத்தாளரின் கடமை என்று ஒரு பட்டறை நடத்துகிறார்களாம், நான் வந்து பேச வேண்டுமாம். என்றைக்கு என்று கேட்டேன். ஞாயிறு காலை என்றார்.

"ஞாயித்துக்கிழமை காலைல முடியாது தம்பி. படம் போடணும்."

"கண்காட்சி வைக்கிறீங்களாக்கா?"

"இல்ல."

"அப்ப புத்தக அட்டைக்கா?"

"இல்ல தம்பி."

"வேற எதுக்குக்கா?" என்றார். கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்.

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு எனக்கு வாய் குழறும். மனசுக்கு நல்லது என்பேன், கைக்குப் பயிற்சி என்பேன், ஏதாவது ஒரு லாபத்தைக் காட்டித்தான் தப்பிப்பேன். இப்போது குழறுவதில்லை. என் அம்மாவுக்குக் கிடைக்காத, நீ உன் பங்காக எடுத்துக்கொண்டு எனக்கும் கொடுத்துவிட்டுப் போன ஒரே பதிலை நான் நிதானமாகச் சொன்னேன்.

"ஒண்ணுக்கும் இல்ல தம்பி. வேணும்னா நீயும் வா. நாற்காலி இன்னொண்ணு இருக்கு."